சம்பந்தியின் ஆள்காட்டி விரல்

கல்யாணத்துக்கு முன்னால் இரு வீட்டாரும் சேர்ந்து மூன்று நாள் ஊர் சுற்றி வரலாம் என்ற அபார யோசனை மாப்பிள்ளையுடையது. அடுப்பும் படுக்கையும் வைத்த வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஆண்கள் படுக்க ஒரு கூடாரத்தையும் கட்டிக்கொண்டு, ஆறு பேரும் அந்தப் பழைய கோட்டை நகரத்துக்குக் கிளம்பினார்கள். திரும்பியதும் பத்திரிகை அச்சுக்குப் போக வேண்டும்.

பெண்ணின் அம்மா சலவைக்கடை நடத்துகிறவள். சம்பந்தி ஓய்வுபெற்ற உணவு ஆய்வாளர். எத்தனையோ ஓட்டல்களுக்குப் பூட்டுப் போட்டவர். அவர்கள் வீட்டில் தரையிலேயே சோற்றைப் போட்டுச் சாப்பிடலாம் என்று, துணி கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் இவள் இரண்டு மாதமாகப் பீற்றிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பீற்றல் முதல் நாள் காலையிலேயே கரைந்தது. சம்பந்தியம்மா சூப்பை இறக்கி வைத்தாள். சம்பந்தி ஆள்காட்டி விரலால் காதைக் குடைந்தார். குடைந்து எடுத்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பனியனில் துடைத்தார். அதே விரலைப் பாத்திரத்தில் விட்டு நக்கி, உப்பு கம்மி என்றார். உப்புப் போட்டார்கள். நக்கிய விரலை மறுபடியும் விட்டார்.

சலவைக்கடைக்காரி சூப்பைத் தொடவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லி அன்று முழுக்க பிஸ்கட்டிலேயே ஓட்டினாள். இந்த வீட்டில் பெண்ணைக் கொடுத்தால் காலத்துக்கும் அவள் இந்த விரலைத்தானே தின்ன வேண்டும்?

அரண்மனையில் ராஜாவின் கட்டிலைத் தடவித் தூசி என்று முகம் சுளித்தார் சம்பந்தி. சமையற்கட்டில் ஆள் உயர அண்டாவைக் காட்டி, தன் காலமாயிருந்தால் ராஜாவுக்கே சீல் வைத்திருப்பேன் என்றார். கோட்டை வாசலை அண்ணாந்து பார்த்தபடியே மூக்குக்குள் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு டீக்கடையில் இவள் கணவனின் கிளாஸில் அதை முக்கி, சர்க்கரை சரியாக இருப்பதாகச் சான்று கொடுத்தார். அந்த மனுஷன் அதை வாங்கி ஒரு சொட்டு விடாமல் குடித்தான்.

கூடாரத்துக்குப் பின்னால் இழுத்துப் போய் அவனைப் பிடிபிடியென்று பிடித்தாள். ஊர் அழுக்கெல்லாம் துவைக்கிறவளுக்கு இது ஒரு அசிங்கமா என்று அவன் கேட்டான்.

“அது துவைச்சா போயிடும். இது வயித்துக்குள்ள இல்ல போகுது?”

மூன்றாம் நாள் மணிக்கூண்டைப் பார்த்துவிட்டு அதன் நிழலில் சாப்பிட உட்கார்ந்தார்கள். மருமகளாக வரப்போகிறவளிடம் உரிமை கூடிவிட்டது போலும், சம்பந்தியின் விரல் இந்த முறை அவள் தட்டில் இருந்த பருப்பை நோக்கியே இறங்கியது. சலவைக்கடைக்காரி அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

“விரலை எடுங்க சம்பந்தி.”

“முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ்ம்மா. மிஷின் சொல்லாததை இந்த விரல் சொல்லும்.”

“அது காதுக்குள்ள போச்சு, மூக்குக்குள்ள போச்சு. என் பொண்ணு தட்டுக்குள்ள வேண்டாம்.”

கணவன் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். மாப்பிள்ளைதான் சிரித்தான். “விடுங்க அத்தை. நாங்க சின்ன வயசுலேர்ந்து இப்படித்தான் சாப்பிடறோம். இவளுக்கும் பழகிடும்.” சொன்னதோடு நிற்காமல், அப்பாவின் கையைத் தானே இழுத்துத் தன் தட்டில் வைத்து, விரல் பட்ட இடத்திலிருந்தே ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டான்.

அவன் தொண்டை ஏறி இறங்குவதைப் பெண் கடைசிவரை பார்த்தாள்.

“நான் எதுக்குப் பழகணும்?”

“அப்பாகிட்ட போய் இதெல்லாம் எப்படிச் சொல்றது?”

“எங்கம்மா இப்பச் சொன்னாங்களே.”

அவள் எழுந்து போய் அச்சகத்துக்குப் போன் போட்டாள். பத்திரிகையை நிறுத்தச் சொன்னாள். எதுவரை என்று கேட்டார்கள் போலிருக்கிறது. அடிக்கவே வேண்டாம் என்றாள்.

கல்யாணம் நின்றுவிட்டது, ஆனால் வேன் ஒன்றுதான். ஊர் போய்ச் சேர ஐந்து மணி நேரம். மாப்பிள்ளையாக இருந்தவன் ஓட்டினான், பக்கத்தில் தகப்பனார் ஜன்னல் வழியே வெறித்துக்கொண்டிருந்தார். சம்பந்தியம்மா எல்லோரையும் விட்டுவிட்டு சலவைக்கடைக்காரிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு முன் சீட்டுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல சம்பந்தி? நான் அவர்கிட்ட பாத்திரத்தைக் காட்டுறதுக்கு முன்னாடியே எனக்குத் தனியா எடுத்து வச்சிடுவேன்.”