பஞ்சவர்ணத்துக்கு வந்த மூன்று மெயில்

மைசூரில் அந்த உதிரிபாக ஆலையின் மெயில் சர்வரைப் புதிய மென்பொருளுக்கு மாற்றும் வேலை சென்னிமலையின் தலையில் விழுந்தது. தொண்ணூற்றொன்பதாம் வருஷம், ஆலையில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். சனிக்கிழமை மாற்றினான். திங்கட்கிழமை காலையிலேயே மானேஜர்களின் பழைய கம்ப்யூட்டர்களில், மெயிலோடு வந்த கோப்புகள் எல்லாம் கிறுக்கலாகத் திறந்தன. நாலு நாள் ஊண் உறக்கமில்லாமல் மல்லுக்கட்டிச் சரிசெய்தான். ஜி.எம். தோளில் தட்டிக்கொடுத்தார். பயலுக்குத் தலைகால் புரியவில்லை.

பெரியவர்களின் மெயிலைப் பார்த்தவன் சின்னவர்களின் மெயிலை மறந்தான். பழைய மென்பொருள், பட்டியலில் இல்லாத பெயருக்கு வருவதையெல்லாம் ஒரு பொதுப் பெட்டியில் போட்டுவைக்கும். தொழிலாளிகளுக்கு ஏது மெயில் முகவரி? வெளியூர்ச் சொந்தங்கள் அவரவர் பெயரை முன்னால் போட்டு ஆலை முகவரிக்கு அனுப்புவார்கள். சென்னிமலை அச்செடுத்து டீ நேரத்தில் கொண்டுபோய்க் கொடுப்பான். அவனே கிளப்பிவிட்ட வழக்கம்; எந்தக் காகிதத்திலும் கிடையாது. அதனால் சோதிக்க வேண்டியவற்றின் பட்டியலிலும் அது ஏறவில்லை.

பேக்கிங் பிரிவுப் பஞ்சவர்ணத்தின் புருஷன் ஜடையன் குஜராத்தில் கட்டட வேலைக்குப் போயிருந்தான். அங்கே சைட் ஆபீசில் இருந்த நண்பன் வாரம் தவறாமல் அவனுக்காக மெயில் தட்டிவிடுவான்.

"தம்பி, அவருகிட்டருந்து ஏதாச்சும் வந்துச்சுங்களா?" என்று செவ்வாய்க்கிழமை வந்து கேட்டாள்.

"ஒண்ணும் வரலீங்க்கா. வந்தா தராம இருப்பனா?"

புதன்கிழமையும் அதையே சொன்னான், திரையிலிருந்து தலையைத் தூக்காமல்.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் போன் அடித்தது. பேசுகிறவர் தமிழ் என்பதால் ரிசீவரை அவனிடம் கொடுத்தார்கள். ஜடையனின் நண்பன்தான். மஞ்சள்காமாலை முற்றி ஜடையன் புதன்கிழமை போய்விட்டான். யாரும் வராததால் மறுநாளே அங்கேயே எரித்துவிட்டார்கள்.

"பொண்டாட்டிய ஒடனே வரச் சொல்லுன்னாருங்க. மூணு மெயில் போட்டேன், மூணும் திரும்பிருச்சு. அப்படி ஒரு ஆளே இங்க இல்லைன்னு இங்கிலீஷ்ல வந்துச்சு. போன் போட்டா, ஷிப்டுல இருக்கறவங்களக் கூப்பிட மாட்டோம்னுட்டாங்க. நான் என்னங்க பண்றது? மெயில்ல வந்ததத்தான் அவருகிட்டயும் சொன்னேன்."

சென்னிமலை சர்வரின் பதிவுகளைத் திறந்தான். திங்கள், செவ்வாய், புதன், மூன்று வரிகள். மூன்றும் திருப்பி அனுப்பப்பட்டவை. பொதுப் பெட்டிக்கு அனுப்பச் சொல்லிப் புதியதில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் போதும். பாவி, அந்த ஒரு வரியை எழுதவில்லை. திங்கட்கிழமையே ரயிலேறியிருந்தால் அவள் புருஷன் முகத்தையாவது பார்த்திருப்பாள்.

சாவுச் செய்தியை அவனே போய்ச் சொன்னான். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் விழுந்து அழுதாள். வெகுநேரம் கழித்து எழுந்து உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடேசில என்னையக் கேட்டாருங்களா தம்பி?"

"கேட்டாருங்க்கா. மூணு நாளும் கேட்டாரு."

"நான் ஏன் வரலைன்னு அவருக்கு என்ன சொன்னாங்களாம்?"

ஏதாவது ஒரு பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆயிரம் பொய் வாய்க்குள் வந்து நின்றது.

"இங்க அப்படி ஒரு ஆளே இல்லைன்னு சொல்லியிருக்குதுங்க்கா," என்றான். "சொன்னது நான்தான்."

அவள் அவன் கையை விட்டாள்.