பத்தாவது முட்டைக்கோஸ்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. சோதனைக்கூடத்தில் எதிர் மேசைக்காரி தேநீர் இடைவேளையில் யாரிடமோ தன் வீட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் குடுவை கழுவுவதுபோல் நின்று கேட்டேன். ஏற்கெனவே கழுவிய குடுவை. மணி அடித்ததும் பாதியில் எழுந்து போய்விட்டாள். அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மீதியை எழுதிவிடுவது அதைவிடச் சுலபம் என்று நினைத்தேன். (இல்லை.)

2

முதல் தொடக்கம்: 'உறைபனி வெண்பட்டாய்த் தோட்டத்தின் மேல்...'

வேண்டாம். பட்டு இலையைக் கறுக்க வைக்காது.

இரண்டாவது: அப்பா கார் வாங்கினார். நிறுத்த இடமில்லை. வீட்டுக்குப் பின்னால், மகள் காய்கறி போடும் இடத்தில் சிமென்ட் தளம் போடலாம் என்றார். மகள் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நான்காம் நாள் அவரே இறங்கி வந்தார்.

"குளிர் முடியறதுக்குள்ள பத்து முட்டைக்கோஸ் காட்டு. நல்லா இறுகின உருண்டையா இருக்கணும். காட்டினா இடம் உனக்கு. இல்லேன்னா காருக்கு."

"எழுதிக் குடுங்க."

"பெத்த அப்பன்கிட்டயே எழுதி வாங்குவியா?"

"இந்தாங்க பேனா," என்றாள் அம்மா.

3

மகள் பன்னிரண்டு நாற்று நட்டாள். அறிவியல் படித்தவள், சும்மா நட முடியுமா? பத்துக்கு மட்டும் மாலையானால் பழைய போர்வை. இரண்டை வெறுமனே விட்டாள். போர்வையால்தான் மற்றவை பிழைத்தன என்று நிரூபிக்க, இந்த இரண்டும் சாக வேண்டும்.

(இவளை உங்களுக்குப் பிடிக்குமா என்று சந்தேகமாக இருக்கிறது. நானும் அப்படித்தான் நட்டிருப்பேன்.)

ஒரு நாள் காலையில் பார்த்தால், வெறும் செடிகளில் ஒன்றின் தலையில் அப்பாவின் கம்பளிக் குல்லா.

"யாருப்பா இந்த வேலை பண்ணது?"

"குளிருதில்ல அதுக்கு?"

"அது சாகணும்பா!"

அப்பா அம்மாவிடம் திரும்பினார். "என்ன பொண்ணுடி பெத்து வச்சிருக்க?"

"அவ தோத்தாத்தானே உங்க காருக்கு இடம்? நீங்களே குல்லா மாட்டிவிட்டா எப்படி?"

அப்பா குனிந்து குல்லாவைச் சரிசெய்தார். (இங்கே அவர் மனதைப் பற்றி ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். மகள் கழற்றிய குல்லாவை அவர் தினமும் திரும்ப மாட்டினார். அது போதும்.)

4

கடைசி நாள். மேஸ்திரி அளவு நாடாவோடு வந்துவிட்டார். அப்பா ஒவ்வொரு முட்டைக்கோஸாகக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். போர்வைக்குள் ஒன்று அழுகியிருந்தது. மீதி ஒன்பதும் நன்றாக இறுகியிருந்தன. வெறும் செடிகளில் ஒன்று கறுத்துச் செத்திருந்தது. குல்லா போட்டது கல் மாதிரி இருந்தது.

"பத்து!" என்றார் அப்பா.

"ஒன்பது. அது கணக்குல வராது. சோதனையைக் கெடுத்ததே நீங்கதான்."

"உருண்டு நிக்குதே, கண்ணு தெரியலையா?"

"செத்திருக்க வேண்டியதுப்பா!"

"பொழைச்சது ஒரு குத்தமா?"

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "சார், கார் உங்களுதுதானே?"

"ஆமா."

"தோட்டம் பாப்பாவோடது?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"ரெண்டு பேரும் இடம் மாறி நின்னு சண்டை போடறீங்க."

5

முடிவு அ: மகள் விட்டுக்கொடுத்து, பத்து என்று ஒப்புக்கொள்கிறாள். (எங்கள் சோதனைக்கூடத்தில் யாரும் நம்ப மாட்டார்கள்.)

முடிவு ஆ: அப்பா காரை விற்றுவிட்டு, கண்கலங்க... (அடித்துவிட்டேன்.)

முடிவு இ: சோதனை செல்லாது, அடுத்த குளிர்காலத்தில் மறுபடி. எனக்கு இதுதான் பிடித்திருந்தது. ஆனால் இதை நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மேஸ்திரி சிமென்ட்டில் தண்ணீர் ஊற்றிவிட்டார்.

ஆகவே நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒன்பது என்றால் அப்பாவுக்குக் கார் நிறுத்த இடம் கிடைக்கும், அவர் உங்களோடு பேச மாட்டார். பத்து என்றால் மகளுக்குத் தோட்டம் கிடைக்கும், அவளும் பேச மாட்டாள்.

சீக்கிரம். கலவை இறுகுகிறது.