முதற்பிரதி பெறுபவர்: றேமண்ட்

நிலூஷாவின் தகப்பன் றேமண்ட் மாநகரசபைத் தேர்தலில் மூன்று தரம் நின்றவர். மூன்று கட்சியில் நின்றார், மூன்றிலும் மண் கவ்வினார். அந்தக் கதையைத்தான் அவள் தன் முதல் நாவலாக எழுதியிருந்தாள். பெயரை மட்டும் செபஸ்தியான் என்று மாற்றினாள். துறைமுகத்துக் கிளார்க் வேலை, கஞ்சி போட்ட வெள்ளைச் சேட், கட்சி தாவிய கூத்து எல்லாம் அச்சொட்டாக அவரேதான். வாசித்தால் அவர்கள் இருக்கும் கொட்டாஞ்சேனையே விழுந்து விழுந்து சிரிக்கும்.

வெளியீட்டு விழா அழைப்பிதழில் முதற்பிரதி பெறுபவர் என்று அவர் பெயரைப் போட்டதும் அவள்தான். அழைப்பிதழ் ஊரெல்லாம் போன பிறகுதான் நாவலை அவர் கையில் கொடுத்தாள். இப்படித் தலைகீழாகக் காரியம் பார்த்தால் யாருக்குத்தான் நித்திரை வரும்?

வாசித்து முடித்த மனிதர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, சேட்டுக்குக் கஞ்சி போடப் போய்விட்டார்.

"மம்மி, டடிக்குக் கோபமா எண்டு கேட்டுப் பாருங்களன்."

"எழுதினது நீ. நீயே கேள்," என்று நழுவிவிட்டார் தாய் கொன்ஸ்ரன்ஸ்.

அவள் கேட்கவில்லை. பயம்.

விழா வெள்ளவத்தையில் நடந்தது. நாவல் வெளியீட்டுக்கு முன்வரிசை நிறைவதே பெரிய காரியம். அன்றோ நிற்கவும் இடமில்லை. றேமண்ட் பஸ் பிடித்து ஆட்களை ஏற்றி வந்திருந்தார், மூன்று கட்சிக்காரரையும் ஒன்றாக. கூட்டம் சேர்த்துப் பழகிய உடம்பு. ஊரைக் கூட்டிவைத்து மேடையில் தன்னைக் கிழிக்கத்தான் போகிறார் என்று நிலூஷா முடிவே கட்டிவிட்டாள். சொந்த டடியே இது பொய் என்று சொல்லிவிட்டால், பிறகு எந்த முகத்தோடு அடுத்த நாவல் எழுதுவது?

விழாத் தலைவர் இராசரத்தினம் நீட்டி முழக்கி முடித்து, பெயரை அழைத்தார். றேமண்ட் ஏறிவந்து, இரண்டு கையாலும் புத்தகத்தை வாங்கினார். வாங்கியவர் இறங்க வேண்டியதுதானே? நேரே மைக்குக்குப் போனார்.

"என்ட மகள் எழுதினதெல்லாம் உண்மை. நான் கட்சி மாறினது உண்மை. மாலையை நானே வாங்கிக் குடுத்துப் போடவைச்சதும் உண்மை." மண்டபம் குலுங்கியது. "ஆனா ஒரு பொய் இருக்கு. கடைசி அத்தியாயத்தில அந்த மனுசன் வெல்லுறான். நான் எங்க வெண்டனான்?"

நிலூஷா தலையைக் குனிந்தாள். மூன்றாம் தரமும் அந்த மனிதரைத் தோற்கடிக்க அவளுக்குக் கை வரவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

"இந்தா முன்னுக்கு இருக்கிற என்ட மனுசிகூட ஒருக்காவும் எனக்கு வோட் போடேல்ல. எனக்குத் தெரியும்."

கொன்ஸ்ரன்ஸ் எழும்பிவிட்டார். "ஓம், போடேல்லதான்! வெண்டிருந்தா நீங்க வீட்டுப் பக்கம் வந்திருப்பீங்களா?"

சிரிப்பு அடங்க வெகுநேரம் பிடித்தது. றேமண்ட் மைக்கை விட்டு விலகி மகளிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது, முகம் மட்டும் கல்யாண வீட்டு முகம்.

"உனக்கு அப்ப வோட் போடுற வயசில்ல," என்றார் அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "இப்ப போட்டிட்டாய் மகள்."