புற்று சொன்ன சாட்சி

விழுப்புரத்து லாரி விக்கிரவாண்டி வழியாக வந்து, திண்டிவனம் நாற்றுப்பண்ணை வாசலில் நின்றதும் பண்ணைக் கூலியாள் குப்பம்மாள் எட்டிப் பார்த்தாள். நாற்பது பலகைகள். அத்தனையிலும் கன்னங்கரேலென்று தார்.

"வைரம் பாஞ்ச பனை! பத்து மழைக்கு அசையாது!" என்று முன்சீட்டிலிருந்து குதித்தார் மரக்கடை விருத்தாசலம். வெள்ளைச் சட்டையில் ஒரு மடிப்புக் கலையவில்லை.

ஐம்பத்தொன்பதாம் வருஷம், ஆவணி வெயில். ஐப்பசி பிறந்தால் அந்தப் பண்ணையில் தண்ணீர் தேங்கும். அதனால் கத்தரி, மிளகாய் நாற்றெல்லாம் மேட்டுப்பாத்தியில்தான். மண் சரியாமலிருக்க நாலு புறமும் பலகைச் சட்டம் அடிப்பார்கள்.

போன வருஷமும் இதே ஆளின் பலகைதான். முதல் மழையிலேயே மக்கிப் பிளந்தது. நாற்றெல்லாம் வாய்க்காலோடு போயிற்று. பழி? 'பார்த்து வாங்கினேன்' என்று பதிவேட்டில் ரேகை வைத்த குப்பம்மாள் தலையில்! ஆறு மாதம் வேலையில்லாமல் பிள்ளைகளோடு கேப்பைக் கூழுக்கே அல்லாடினாள். இன்னொரு தடவை நாற்று போனால் இந்தப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லித்தான் மேனேஜர் தேவநாதன் திரும்பச் சேர்த்திருந்தார்.

"ரேகைய வையி, ஜல்தி," மை டப்பாவை நீட்டினார் தேவநாதன்.

"செத்த நில்லுங்கய்யா."

மண்வெட்டியோடு வேலியோரத்துக்குப் போனாள். அங்கே கரையான் புற்று. வெள்ளிக்கிழமை தவறாமல் அவள் பால் ஊற்றும் புற்று. விருத்தாசலம் மாதிரிக்கு அனுப்பிய பலகையில் ஒரு சாண் அறுத்து, போன மாதம் கன்னத்தில் போட்டுக்கொண்டு அதன் அடியில் புதைத்திருந்தாள். கூடவே, கோலியனூரில் இடிந்துபோன அப்பன் வீட்டுக் கூரையைத் தாங்கிய பனங்கை மரத்தில் ஒரு துண்டு.

இரண்டையும் தோண்டிக் கொண்டுவந்து மேனேஜரின் மேஜைமேல் போட்டாள். பனந்துண்டு 'ணங்'கென்றது. தார் பூசியது சத்தமே போடவில்லை. கட்டை விரலால் அமுக்கினாள். தார்த்தோல் உடைந்து, உள்ளேயிருந்து மாவாய்க் கொட்டியது.

"மாமரத்துக்குத் தார அடிச்சிக்கினு வந்து பனைன்றியே, வாய் கூசல?"

"பொம்பளைக்கு மரத்தப் பத்தி என்னாடி தெரியும்?"

"எனக்குத் தெரியாதுதான்! கரையானுக்குத் தெரியுது பாரு! ஊத்தின பாலுக்கு ஆத்தா பதில் சொல்லிட்டா!"

லாரிக்காரன் சிரித்துவிட்டான். விருத்தாசலம் முகம் கறுத்தது. "மேனேஜர், இந்தப் பேஜாரெல்லாம் எதுக்கு? ரேகைய வாங்குங்க. கெளம்பறேன்."

"ரேகதான வேணும்?" குப்பம்மாள் லாரியை நெருங்கினாள். வெயிலில் இளகியிருந்த தாரில் கட்டை விரலை அழுத்தித் தேய்த்தாள். திரும்பி, அந்த வெள்ளைச் சட்டையின் மார்பில் ஓங்கிப் பதித்தாள்.

"இந்தா, வச்சிட்டேன்! இத எடுத்துக்கினு போ!"

விருத்தாசலம் கையை ஓங்கினார். அவள் நகரவில்லை. மண்வெட்டி இன்னும் கையில்தான் இருந்தது. ஓங்கிய கை தானாக இறங்கியது.

அவள் தேவநாதன் பக்கம் திரும்பினாள். "நான் ரேக வெக்கிற எடத்துல நீங்க வேணா கையெழுத்துப் போடுங்கய்யா. மழைக்கு நாத்து போனா, நீங்க வூட்டுக்குப் போவணும்."

தேவநாதன் பதிவேட்டைப் பார்த்தார். மேஜையில் கொட்டிக் கிடந்த மாவைப் பார்த்தார். மை டப்பாவை மூடினார்.

"லாரியத் திருப்பச் சொல்லுங்க, விருத்தாசலம்."

லாரி உறுமிக்கொண்டு திரும்பியது.

"கோலியனூர்ல இடிஞ்ச வூட்டுப் பனங்கை நெறைய கெடக்கு," என்றாள் குப்பம்மாள். "ஒண்ணொண்ணா தட்டிப் பாத்து நானே எடுத்தாறேன்."

"சரி, கொண்டாந்துடு," என்றார் அவர், தலை நிமிராமல்.

"பலகை வந்துடும்யா. எம் புள்ளைங்க பட்டினி கெடந்த ஆறு மாசம்?"

தேவநாதன் பதிவேட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.