மினதியிடம் தனியாக

"பிள்ளைகளிடம் நீங்கள் தனியாகப் பேச வேண்டும். எங்கள் அலுவலக ஆள் ஒருவரும் உள்ளே இருக்கக் கூடாது."

மனப்பாடம் செய்து வைத்திருந்த ஆங்கிலத்தில் விஜயராணி குழுத் தலைவியான வெளிநாட்டு அம்மாளிடம் இப்படிக் கேட்டுக்கொண்டதும் மகுடேஸ்வரனின் முகம் சுண்டிப்போனது. அவள் வேலை பார்க்கும் தொண்டு நிறுவனத்துக்கு அவர்தான் இயக்குநர், அவள் களப்பணியாளர். 'வெளிநாட்டுக் குழுகிட்ட நாமளா எதுவும் கேக்கப்படாது கண்ணு' என்று வாரம் முழுக்க ஓதியிருந்தார்.

பிழைக்க வந்த இடத்தில் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் படிக்கும் உரிமை கிடைக்கிறதா என்று நாடு நாடாகப் போய்ப் பார்க்கும் குழு அது. இங்கே பார்க்க வந்தது, நெருப்பெரிச்சல் என்ற ஊரில் பனியன் கம்பெனி ஒன்றின் பின்கட்டில் இவர்கள் நிறுவனம் நடத்தும் ஒடியா வகுப்பை. நடக்கிறது என்பதெல்லாம் காகிதத்தில்தான். ஆடிட்டுக்கு யாராவது வந்தால் அந்த அறையிலிருந்து கட்டிங் வேஸ்ட் துணி மூட்டைகள் வெளியேறும், பாய் விரியும், பிள்ளைகள் குளித்து வந்து உட்காரும். கார் கிளம்பியதும் மூட்டைகள் திரும்பி வரும். சுவரில் மாட்ட மகுடேஸ்வரன் வாங்கி வந்தது இந்தி எழுத்து அட்டை. "எல்லாம் இந்திக்காரப் பசங்கதானுங்களே" என்றார்.

அதைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தவள் மினதி. பதினோரு வயது. ஊரில் நாலாவது வரை ஒடியாவில் படித்தவளை, தமிழ் தெரியாது என்று இங்கே பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக் குட்டிகளோடு உட்கார வைத்தார்கள். கால் மடக்க இடமில்லாத பெஞ்சு. கொஞ்ச நாளில் நின்றுவிட்டாள். இப்போது அதே கம்பெனியில் தைத்த பனியன்களில் நூல் பிசிறு வெட்டுகிறாள். ஒருநாள் சோற்று நேரத்தில், வெட்டுத்துணி ஒன்றில் விஜயராணியின் பெயரைச் சாக்பீஸால் ஒடியாவில் எழுதிக் கொடுத்தாள். எழுத்துகளெல்லாம் முக்காடு போட்டது போல வளைந்திருந்தன.

விஜயராணியை பி.ஏ. வரை இழுத்து வந்ததும் அவள் அம்மா சீனியம்மாளின் பிசிறுக் கத்தரிதான். அதை ஒரு பிள்ளையின் கையில் பார்த்தால் அவளுக்கு உடம்பு எரியும். முந்தின நாளே மினதியிடம் சொல்லி வைத்திருந்தாள்.

"அந்த அம்மா கேட்டா எல்லாத்தையும் சொல்லு. பயப்படாதே, நான் இருக்கேன்."

"அக்கா இருக்கு?"

"இருக்கேன்."

வெளிநாட்டு அம்மாள் உடனே ஒப்புக்கொண்டார். நிறுவனத்து ஆட்கள் எல்லோரும் கதவுக்கு வெளியே வந்து நின்றார்கள். உள்ளே, குழுவோடு டெல்லியிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளர் இந்தியில் கேட்க, மினதி திருதிருவென்று விழித்தாள்.

"இந்தி வராதுங்களா?" மகுடேஸ்வரனுக்கு நிஜமாகவே ஆச்சரியம்.

அப்போதுதான் கேட்டில் சாய்ந்திருந்த பிரதான் முன்னால் வந்தான். ஒடிசாவிலிருந்து அந்தக் குடும்பங்களைக் கூட்டி வந்து வேலைக்கு விட்ட காண்ட்ராக்டர். "நம்ம பாஷை மேடம். நான் சொல்றேன்."

"சார், அவன் வேண்டாம்."

"ஏனுங்க அம்மணி, ஆபீஸ் ஆள்தான இருக்கப்படாதுன்னீங்க? அவன் நம்ம ஆபீஸ் இல்லீங்களே."

விஜயராணி ஆங்கிலத்தைத் தேடி எடுப்பதற்குள் பிரதான் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டான்.

ஜன்னல் சந்தில் பார்த்தாள். மினதி அவளைத் தேடினாள். பிறகு பிரதானைப் பார்த்தாள். கொப்புளம் கட்டிய விரல்களைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டு தரையைப் பார்த்து ஏதோ சொன்னாள். வெளிநாட்டு அம்மாள் சிரித்த முகமாய் வெளியே வந்தார். ஞாயிறுதோறும் தன் மொழியில் படிக்கிறாளாம். விஜயராணி உள்ளே ஓடினாள்.

"அக்கா எங்க இருந்தே?" என்றாள் மினதி.

விஜயராணி திரும்பி வாசலுக்கு ஓடினாள். கார் கிளம்பிப் போயிருந்தது.

அடுத்த வாரம் மகுடேஸ்வரன் விஜயராணியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "ரிப்போர்ட் பிரமாதமா வந்திருக்குது கண்ணு. குழந்தைகிட்ட தனியாப் பேசிப் பாத்தோம்னே எழுதியிருக்காங்க. நீ கேட்டதும் நல்லதாத்தான் போச்சு போ."

"மினதிய ரெண்டு நாளாக் காணோமே சார்."

"அந்த ஊட்டுக்காரங்களைப் பிரதான் சோமனூருக்கு மாத்திட்டானாமா. தறிப் பக்கம். நமக்கெதுக்கு அது?"

"உள்ள நின்னு பேசுனது காண்ட்ராக்டர் சார்."

"அது உனக்கும் எனக்கும்தான தெரியும்."

"அவங்களுக்கும் தெரியும். காலையிலயே எழுதி அனுப்பிட்டேன். என் பேர் போட்டு."

அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். "உங்கம்மா வந்து நின்னாங்கன்னுதான சாமி உனக்கு இந்த வேலை."

விஜயராணி கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி, மேசையில் சுருட்டிக் கிடந்த இந்தி அட்டையின் மேல் வைத்தாள். வெட்டுத்துணி பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுப் படியிறங்கினாள். சோமனூர் பஸ் எங்கே நிற்கும் என்று வரும்போதே கேட்டு வைத்திருந்தாள்.