வாயாடி சோப்பு

வாயாடி என்பது அப்பா அவளுக்கு வைத்த செல்லப்பெயர். தான் காய்ச்சிய சோப்புக்கும் அதையே வைத்தாள். "சோப்பு பேசுமாடி?" என்று கணவர் உயிரோடு இருந்தவரை கேலி செய்தார். பேசாமலே அது கடைக்குக் கடை போய்ச் சேர்ந்தது.

இனி அந்தப் பெயரில் அவள் ஒரு கட்டிகூட விற்கக் கூடாதாம். வக்கீல் மேசைமேல் கிடந்த நோட்டீஸ் அப்படித்தான் சொன்னது. கொழுந்தன் அந்தப் பெயரைத் தன் பேரில் பதிவு செய்துவிட்டான். கூடவே, அதற்கு அவள் சம்மதித்ததாக ஒரு கடிதம் வேறு.

"போன மாசத் தேதி போட்டிருக்கு. நீங்க குடுத்ததாம்மா?"

"இத நான் கண்ணால பாத்ததில்ல சார்."

"கையெழுத்து உங்களோடதுதானே?"

அவளுடையதுதான். சோப்புக் காய்ச்சும் கொப்பரை வேலையில் இறங்கிவிட்டால் கையெல்லாம் எண்ணெயும் காஸ்டிக் சோடாவும், பேனாவைத் தொட முடியாது. அதனால் திங்கட்கிழமை தோறும் கம்பெனித் தாள் பத்தில் வெறுமனே கையெழுத்துப் போட்டுக் கொழுந்தனிடம் நீட்டிவிடுவாள். ஆபீஸ் காரியம் அவன் பாடு. இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று நாம் தலையில் அடித்துக்கொள்ளலாம். அவளுக்கோ அதில் பெருமை. வீட்டுப் பிள்ளையிடம் என்ன ஒளிவுமறைவு?

கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எழுத்துகள் கோணல்மாணலாக இடப்பக்கம் சாய்ந்திருந்தன. அது இடது கைக் கையெழுத்து. மூன்று வருடத்துக்கு முன்பு காஸ்டிக் கரைசல் தெறித்து வலது கை வெந்துபோன வாரம் போட்டது. அன்று கொழுந்தன் பதறிப்போய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். "நான் இருக்கேன் அண்ணி, அழாதீங்க" என்றான். அந்தத் தாளைத்தான் மூன்று வருடம் பத்திரப்படுத்தியிருக்கிறான்.

போன மாதம் ஆசைப்பட்டிருந்தால்கூட மன்னித்திருப்பாள். சோறு போட்ட கை வெந்துகிடந்தபோதே கணக்குப் போட்டிருக்கிறானே, பாவி!

விஷயத்தைக் கேட்டதும் வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பழைய கையெழுத்து, வெறும் தாள்ல போட்டதுன்னு காட்டிட்டா கேஸ் நிக்கும்மா. போடும்போது யாராச்சும் பாத்தாங்களா?"

"ஒருத்தன் பாத்தான் சார்."

"அப்ப அவர கூட்டிட்டு வாங்க."

அவள் வலது கைத் தழும்பைத் தடவினாள்.

"எனக்கு ஒத்தக் கையால தாளப் பிடிக்க வரல. நகராம பிடிச்சுக்கிட்டது அவன்தான் சார், என் கொழுந்தன்."