நான்கு அங்குலம் யாருடையது

"நட."

தையல்காரர் சொன்னது அந்த ஒரு சொல்தான். இளைய மகள் நடந்தாள். முதல் அடி நன்றாகத்தான் வந்தது. இரண்டாவது அடியில் வலது கால் இடது காலின் துணியை மிதித்தது. மூன்றாவது அடியை அவள் எடுக்கவில்லை, துணியே எடுத்துக்கொண்டது. இஸ்திரி மேசையைக் கட்டிப்பிடித்து நின்றவளைப் பார்த்து, மூலையில் பொத்தான் துளை தைத்துக்கொண்டிருந்த அம்மா ஊசியை நூல்கண்டில் குத்திவைத்தாள்.

"இதைப் போட்டுக்கிட்டு நான் ஓடணுமாப்பா, இல்ல வீட்டைத் துடைக்கணுமா?" என்றாள் மகள்.

"நடந்து பழகினா ஓட வரும்."

"நாளைக்குக் காலையில பந்தயம்ப்பா. நான் எப்ப நடந்து, எப்ப பழகி, எப்ப ஓடுறது?"

தையல்காரர் கத்தரிக்கோலை எடுத்து, வெட்ட எதுவும் இல்லாததால் திரும்ப வைத்தார்.

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தத் தெருவிலேயே நேர்மையான கை அவருடையது. முப்பது வருடத்தில் ஒரு சட்டைகூடக் கொடுத்த அளவிலிருந்து பிசகியதில்லை. தெரு அவருக்கு 'இன்ச்சு டேப்பு' என்று பேர் வைத்திருந்தது. இளையவளுக்கும் பள்ளியில் ஒரு பேர் உண்டு, கொக்கு. கால் நீளம். அந்தக் காலால்தான் வந்தது வினை.

பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் நடனக் குழு பல வருடமாக இருந்தது. தையல்காரரின் மூத்த மகள் அதில் முன்வரிசை. ஓட்டக் குழு இந்த வருடம்தான் தொடங்கியது, அதுவும் விளையாட்டு டீச்சர் தலைமையாசிரியரின் அறை வாசலில் பதினோரு நாள் நின்ற பிறகு. நாலு பேர் சேர்ந்தார்கள். உடனே உடை என்ற கேள்வி வந்தது. டீச்சர் ஒரு தாளில் 'அரைக்கால்சட்டை, இடுப்பிலிருந்து பதினேழு அங்குலம்' என்று எழுதினார். ஓடுகிறவர்களின் அளவு அது. முழங்காலுக்கு நாலு விரல்கடை மேலே நிற்கும்.

தாள் தலைமையாசிரியரிடம் போனது. அவர் 'ஒழுக்கம் கருதி ஆறு அங்குலம் கூட்டுக' என்று எழுதினார். அங்கிருந்து நிர்வாகக் குழுத் தலைவரிடம் போனது. அவர் மரக்கடைக்காரர், எதையும் ஒரு முழம் அதிகமாக அறுத்தே பழகியவர். 'மரியாதை கருதி ஏழு' என்றார். பெற்றோர் சங்கச் செயலாளருக்கு எழுத வேறு காரணம் மிச்சமில்லை. ஆனாலும் கையெழுத்துப் போடுகிற இடத்தில் சும்மா கையெழுத்து மட்டும் போட்டால் நன்றாகவா இருக்கும்? 'எதற்கும் ஆறு' என்று எழுதினார். பதினேழு, முப்பத்தாறு ஆகித் தையல்காரரிடம் வந்து சேர்ந்தது.

"நான் என்ன பண்ணட்டும்? பேப்பர்ல இருக்கிற அளவு. நான் பேப்பரை மீறுற ஆளா?" என்றார் இப்போது.

மூத்தவள் கொடிக்கம்பியில் தொங்கிய தன் நடனப் பாவாடையைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஆண்டு விழாவுக்கு அவர் தைத்தது. அந்தத் தாளும் பள்ளியில் அதே மூன்று பேரின் மேசை வழியாகத்தான் போய்வந்தது. டான்ஸ் டீச்சர் கணுக்கால்வரை கேட்டிருந்தார். மரக்கடைக்காரர்தான் 'முன்வரிசை விருந்தினருக்குக் கால் அசைவு தெரிய வேண்டும்' என்று பத்து அங்குலம் குறைத்திருந்தார்.

"ஏம்ப்பா, எனக்கு மட்டும் எப்படி மேல ஏறிச்சு?"

"அது மேடைம்மா."

"நானும் இவளும் ஒரே வீட்டுக் காலுதானே? என் காலு மேடையில தெரியலாம், இவ காலு மைதானத்துல தெரியக் கூடாதா?"

"நீ ஆடினா நாலு பேர் பாத்து சந்தோஷப்படுவாங்க."

"அப்ப இவ ஓடினா?"

தையல்காரர் யோசித்தார். கொக்கு ஓடினால் சந்தோஷப்படுவது கொக்கு மட்டும்தான். அதில் என்ன தப்பு என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. தப்பு இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

விஷயம் வெறும் துணியோடு போகவில்லை. குழுவை ஆரம்பித்த அன்றே மரக்கடைக்காரர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். பள்ளிகளுக்கிடையே நடக்கிற தொடர் ஓட்டத்தில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் குழு இருக்கும். இல்லாவிட்டால் கலைத்துவிட்டு நாலு பேரையும் நடனக் குழுவின் பின்வரிசையில் நிற்க வைத்துவிடலாம், பின்வரிசையில் ஆள் குறைகிறது. கொக்குக்கு ஆட வராது. ஆடினால் பக்கத்தில் நிற்பவளுக்கு அடிபடும். ஓட்டம் மட்டும்தான் அவளுக்கு வரும். நாளைக் காலையோடு அதுவும் போய்விடும் என்பது கால்சட்டையை மாட்டிய நிமிடமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அம்மா எழுந்து வந்தாள். மகளை நிற்கவைத்து, நாடாவை இடுப்பில் பிடித்துக் கீழே விட்டாள். குனிந்து பார்த்தாள். மறுபடி பிடித்துப் பார்த்தாள்.

"என்னங்க."

"ம்."

"பேப்பர்ல எவ்வளவு?"

"முப்பத்தாறு."

"துணியில நாப்பது இருக்கு."

தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துப் போனது.

"ஒழுக்கம் ஆறு, மரியாதை ஏழு, எதுக்கும் ஆறு. எல்லாம் எழுதியிருக்கு, எனக்கும் படிக்கத் தெரியும். இந்த நாலு இன்ச்சு யாரோடது?"

முப்பது வருடத்தில் முதல்முறையாக அளவு தவறிய மனிதர் தையல் மிஷினைப் பார்த்துப் பேசினார்.

"ஊருக்கெல்லாம் துணி தைக்கிறவன், அவன் பொண்ணுக்கு மட்டும் துணி பத்தலையான்னு கேப்பாங்க. கடை வாசல்ல நின்னு கேப்பாங்க. உனக்கென்ன, நீ உள்ள இருக்க. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது."

"அதுக்குத்தான் நாப்பது இன்ச்சுத் துணியில மூடப் பாத்தீங்களா?"

கொக்கு சிரித்துவிட்டாள். அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சட்டென்று நிறுத்தினாள்.

"மத்த மூணு பொண்ணுங்களுக்கும் நாப்பதா?" என்றாள் அம்மா.

"ஒருத்திக்கு மட்டும் போட்டா வித்தியாசம் தெரியுமே," என்றார் அவர், மிக மெதுவாக.

பிறகு, பாவம், தானே நாலு கால்சட்டையையும் எடுத்துப் போட்டு, அடிமடிப்பைப் பிரித்து, எட்டுக் காலிலும் நாலு அங்குலத்தை வெட்டினார். வெட்டிய துண்டுகளைச் சுருட்டிக் கூடையில் போட்டார்.

"என்னோடதை நான் எடுத்துட்டேன். பேப்பர் அளவுல கை வைக்க எனக்கு உரிமை இல்ல."

"சரிதான். மத்தவங்களோடதை அவங்கவங்க வந்து எடுப்பாங்களா?"

"கறுப்பு நூல் தீந்துபோச்சு. வாங்கிட்டு வரேன்," என்று செருப்பை மாட்டினார்.

நூல் கடை எதிர்வரிசையில் நாலாவது கடை. போனவர் இரண்டு மணி நேரம் வரவில்லை.

அந்த இரண்டு மணி நேரத்தில் அம்மா ஒவ்வொரு காலையும் பதினேழாவது அங்குலத்தில் வெட்டி, வெட்டிய குழாயை அதே இடத்தில் ஓட்டுத்தையலால் பொருத்தினாள். தையல்காரர்கள் பொருத்திப் பார்ப்பதற்காகப் போடுகிற நீளத் தையல் அது. ஒரு முனையை இழுத்தால் மொத்தமும் கையோடு வந்துவிடும். இழுக்கிற முனையில் சிவப்பு முடிச்சுப் போட்டாள். மூத்தவள் விளக்கைத் திருப்பிப் பிடித்தாள். கொக்கு மாட்டிப் பார்த்தாள், இழுத்தாள், குழாய்கள் விழுந்தன, அவற்றைத் தாண்டி ஒரே எட்டில் அறையின் மறுகோடிக்குப் போனாள். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தைத்தாள்.

"சோதனை போதும்டி. எனக்கு ரெண்டு கைதான் இருக்கு."

திரும்பி வந்த தையல்காரர் மேசைமேல் மடித்து வைத்திருந்த நாலு கால்சட்டையையும் பார்த்தார். அவருக்குத் தெரியாத தையலா? ஒன்றைத் தொட்டார். பிறகு காகிதத்தில் பொட்டலம் கட்டி, முடிச்சுப் போட்டு, மகளிடம் கொடுத்தார்.

மறுநாள் மைதானத்தில் மரக்கடைக்காரர் நாலு பேரையும் வரிசையில் நிறுத்திப் பார்த்தார். கொக்கு, சோடாபுட்டி, கடுகு. நாலாவது பெண்ணுக்குப் பேர் வைக்க யாருக்கும் தைரியம் வரவில்லை, அவள் அடிப்பாள். எல்லோருக்கும் கணுக்கால்வரை துணி. உயரம் குறைந்த கடுகுக்கு மட்டும் பாதமும் தெரியவில்லை. அவளைத்தான் அவருக்கு மிகவும் பிடித்தது.

"இதுதான் உடை! பாத்தீங்களா டீச்சர்?"

"பாத்தேன் சார்," என்றார் விளையாட்டு டீச்சர். அழுதுவிடுவார் போலிருந்தார்.

"மத்த ஸ்கூல் பொண்ணுங்க எல்லாம் அரைக்கால்சட்டைதான் சார் போட்டிருக்காங்க," என்றாள் சோடாபுட்டி.

"அவங்க மத்தவங்க வீட்டுப் பொண்ணுங்கம்மா."

தொடர் ஓட்டத்தில் நாலு பேரும் பாதையின் நாலு இடத்தில் நிற்க வேண்டும். நின்றார்கள். நடுவர் விசிலை வாயில் வைத்தார். நாலு பேரும் ஒரே சமயத்தில் குனிந்தார்கள்.

"என்ன அடக்கம்! என்ன அடக்கம்!" என்றார் மரக்கடைக்காரர், செயலாளரின் தோளைத் தட்டி.

விசில் ஒலித்தது. கடுகு நின்ற இடத்தில் இரண்டு கறுப்புக் குழாய்கள் மட்டும் நின்றன, உள்ளே ஆள் இல்லை.

"ஏய்! நில்லு! துணி விழுந்துடுச்சு!" என்று மரக்கடைக்காரர் பாய்ந்து ஓடி அவற்றைப் பொறுக்கினார். நிமிர்ந்தால் கடுகு சோடாபுட்டியிடம் கோலைக் கொடுத்துவிட்டாள். அங்கே இரண்டு குழாய்கள். அதை நோக்கி ஓடினார். அதற்குள் கோல், பேர் இல்லாத அந்த அடிக்கிற பெண்ணின் கைக்குப் போய்விட்டது. அங்கேயும் இரண்டு. பளபளப்பான தோல் செருப்போடு, ஆறு குழாய்களைத் தோளில் போட்டுக்கொண்டு, பாதையின் உள்ளோரமாக ஒரு பெரியவர் மூச்சிரைக்க ஓடியதைப் பார்த்து மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. அந்தக் கைதட்டல் தங்களுக்கு என்று நினைத்துப் பெண்கள் இன்னும் வேகமாக ஓடினார்கள். கோல் கடைசியாகக் கொக்கின் கைக்கு வந்தபோது அவளுக்கு முன்னால் மூன்று பேர் இருந்தார்கள். கோட்டைத் தொடும்போது ஒருத்திதான் மிச்சம்.

இரண்டாம் இடம்.

"இது செல்லாது! எங்க ஸ்கூலை நீக்குங்க!" என்று தன் பள்ளியையே நீக்கச் சொன்ன முதல் தலைவர் அவராகத்தான் இருப்பார்.

நடுவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "நாலு பேரும் ஒரே மாதிரி உடை போடணும், அவ்வளவுதான் சார் இருக்கு. நாலும் ஒரே மாதிரிதானே இருக்கு?"

மரக்கடைக்காரர் சுற்றிப் பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கம், வேறு எங்கோ போகிறவர் மாதிரி அரை மணி நேரமாக நின்றுகொண்டிருந்த தையல்காரர் கண்ணில் பட்டார். எட்டுக் குழாய்களும் வேலியைத் தாண்டி வந்து விழுந்தன.

"என்னய்யா தையல் இது? ஒரு இழுப்புக்குத் தாங்கல! உன் கையா இது?"

தையல்காரர் ஒன்றை எடுத்துப் பார்த்தார். எறும்பு வரிசை மாதிரி சீரான துளைகள். அந்தக் கை யாருடையது என்று அவர் தூக்கத்திலும் சொல்லுவார்.

"என் கைதான் சார். தையல் விட்டுப்போச்சு."

அன்று மாலையே தெருவில் அவர் பேர் மாறியது. முப்பத்தாறில் பதினேழு போக மிச்சத்தைக் கணக்குப் போட்டு, "என்ன பத்தொம்போது, சௌக்கியமா?" என்று கடை வாசலில் நின்று கேட்டார்கள். அவர் பயந்தபடியே கேட்டார்கள். "சௌக்கியம்தான்," என்றார் அவர். மிஷினை மிதித்தார். உலகம் ஒன்றும் இடியவில்லை.

எட்டு நாள் கழித்துச் செய்தித்தாளில் நாலு பெண்களின் படம் வந்தது. ஒன்பதாம் நாள் மாலை மரக்கடைக்காரர் கடைக்கு வந்து, வாடிக்கையாளர் முக்காலியில் உட்கார்ந்து, புதுத் தாள் ஒன்றை நீட்டினார்.

"ஆண்டு விழாவுக்குப் பெரிய இடத்து விருந்தாளி வரார். பேப்பர்ல வந்த நம்ம பொண்ணுங்க நாலு பேரும் அதே ஓட்ட டிரஸ்ல மேடையில நின்னு பூங்கொத்து குடுக்கணும். புதுசா தையி. பதினேழு இன்ச்சு. ஒரு இன்ச்சுகூட நீளக் கூடாது, எடுப்பா இருக்கணும்."

தையல்காரர் தாளைப் படித்தார். ஒழுக்கம், மரியாதை, 'எதற்கும்' மூன்றும் கையெழுத்துப் போட்டிருந்தன. கூட்டல் ஒன்றுமில்லை.

"அளவு எடுக்கணும் சார்."

"அதான் பேப்பர்ல இருக்கே!"

"பேப்பருக்கு இடுப்பும் இல்ல, காலும் இல்ல சார். இனிமே ஆள் வந்து நின்னு, இவ்வளவு போதும்னு சொன்னாத்தான் தைக்கிறது."

"சரி, உன் பொண்ணைக் கூப்பிடு."

தையல்காரர் உள்பக்கம் திரும்பினார். அவர் கூப்பிடுவதற்கு முன்பே, கையில் ஊசியோடு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அம்மா சொன்னாள்:

"அவ இல்லீங்க. ஓடப் போயிருக்கா. நாலு பேரும்தான்."

"எப்ப வருவாங்க?"

"ஓடி முடிச்சதும்."

மரக்கடைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். "எத்தனை சுத்து ஓடுவாங்க?"

தையல்காரர் அந்தத் தாளை நாலாக மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"அது அவங்க இஷ்டம் சார்."